உன் அப்பாவின் பேட்டரி வண்டியில் பழுது இல்லை

ராசா,

நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம் என்று எழுதினால் அது பொய். பொய் சொல்வதை நிறுத்தத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மணி நாலேகால். உன் அப்பா வண்டியில் ஏறி வெளியே போய்ப் பத்து நிமிஷம் ஆகிறது. ஒரு மாதமாகக் கட்டிலை விட்டு அசையாத மனிதர் போயிருக்கிறார் என்றால் நீ நம்ப மாட்டாய். நான் வாசலில் உட்கார்ந்து, உன் பழைய கல்லூரி நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதுகிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். இந்த ஒற்றை அறை வீட்டில், நானும் உன் அப்பாவும் ஸ்பீக்கரில் போட்டுச் சேர்ந்து பேசுகிற போனில் இதைச் சொல்ல முடியாது; அவர் இல்லாத இப்போதும் உன் குரலைக் கேட்டால் மழுப்பிவிடுவேன். நேரில் வரும்போது சொல்லலாம் என்றால், நீ வருவதற்குள் வண்டி போய்விடும். இதை மருமகளுக்கும் படித்துக் காட்டு. மறைக்க வேண்டியதை எல்லாம் நான் போதுமான அளவு மறைத்தாகிவிட்டது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றது. வண்டியில் பழுது இல்லை. பேட்டரியிலும் பழுது இல்லை. மதுரைக் கடைக்காரர் உன்னை ஏமாற்றவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் ஆள் அனுப்பி வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று நீ பேசி முடித்திருக்கிறாயே, அதை நிறுத்து. எட்டு மாதமாகத் தினமும் சார்ஜரைப் பாதியில் பிடுங்கியது நான்தான்.

ஏன் என்று கேட்பாய். இருபத்திரண்டு வருஷமாக நான் பட்டாசுக் கம்பெனியில் எப்படி வேலை பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அறை வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நாங்கள் உள்ளே கால் வைப்போம். நைலான் சேலை கூடாது, பெட்டியைத் தரையில் இழுக்கக் கூடாது, போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். வானம் இருட்டி இடி கேட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஏதாவது சூடாக இருந்தால் ஏன் சூடாக இருக்கிறது என்று நின்று யோசிக்கக் கூடாது. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எதிர் வரிசையில் ஓர் அறை வெடித்துப் போனது. காலையில் என்னோடு ஒரே வேனில் வந்து, என் தூக்குவாளியில் இருந்த ஊறுகாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவள் அந்த அறையில் இருந்தாள். அதற்குப் பிறகு சூடான எதையும் நான் அணைக்காமல் விடுவதில்லை. இதெல்லாம் தெரிந்த நீ, தை மாதம் அந்த வண்டியைக் கொண்டுவந்து இறக்கி, ஒரு கறுப்புப் பெட்டியை என் கையில் கொடுத்து, ராத்திரி முழுக்க மாட்டி வைக்க வேண்டும், சிவப்பு விளக்கு பச்சையாக மாறினால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டாய். அன்றைக்கு மாட்டி ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. உள்ளே ஏதோ உர்ரென்று சுற்றியது. நான் யோசிக்கவில்லை, பிடுங்கிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் புருஷன் படுத்திருக்க, அவர் எழுந்து ஓடவும் முடியாது என்று தெரிந்திருக்க, அதை எரியவிட்டுவிட்டு எப்படித் தூங்குவேன்?

வண்டி நிற்பது வெளியே தகரக் கொட்டகையில். உன் அப்பா கட்டிலில் இருந்து பார்த்தால் அந்த விளக்கு தெரியாது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன், சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியை இழுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய், நீ போட்ட சிமென்ட் சரிவில் ஏற்றி வாசற்படியில் நிறுத்துவேன். வாசலை ஒட்டிக் கிடக்கும் கட்டிலுக்கும் வண்டிக்கும் நடுவே பலகையைப் போட்டதும், இரண்டு கைகளை ஊன்றி அவரே நகர்ந்து ஏறிக்கொள்வார். எத்தனை லாரி லோடு ஏற்றி இறக்கிய கை அது. லாரி உச்சியில் இருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழேதான் போனது, கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏறி உட்கார்ந்ததும் தினமும் ஒரே கேள்வி கேட்பார். "பச்ச வந்துருச்சா?" நான் சொல்வேன், "வந்துருச்சு, பாத்துப் போங்க." எட்டு மாதம் தினமும் இதே கேள்வி, இதே பதில். வண்டியில் உள்ள அளவு காட்டும் கோடுகளும் கிளம்பும்போது நிறைந்தது போலத்தான் நிற்கும், கொஞ்ச தூரம் போன பிறகுதான் இறங்கும். அது எனக்குத் தோதாகப் போயிற்று.

முதல் நாள் அவர் மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போய்விட்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். நீதான் பின்னால் நடந்து போனாய். ஆனால் நீ ஊருக்குப் போன பிறகு அவர் போன இடமெல்லாம் உனக்குத் தெரியாது. டீக்கடையில் ஒரு படி இருப்பதால் மாஸ்டர் கிளாஸை வெளியே கொண்டுவந்து கொடுப்பார். சலூனிலும் படிதான். வாசலிலேயே வண்டியில் உட்காரவைத்துத் துண்டைப் போர்த்தி முடி வெட்டிவிட்டார்களாம், போகிற பஸ்ஸில் இருப்பவன் எல்லாம் வேடிக்கை பார்த்தான் என்று பெருமையாகச் சொன்னார். ரேஷன் கடையில் கைரேகை வைக்க மூன்று வருஷமாக நான்தான் அரைநாள் லீவு போட்டுக்கொண்டிருந்தேன். அவரே போய் வைத்துவிட்டு, அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் வேனில் இருந்து இறங்கி வந்தால், அன்றைக்கு ஊரில் நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பிப்பார். யார் வீட்டில் கிணறு தோண்டுகிறார்கள், எவன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறான் எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். நான் உம் கொட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பேன். காது கேட்கும், மனசு மட்டும் அந்த ரோட்டில் ஓடுகிற லோடு வண்டிகளையே எண்ணிக்கொண்டிருக்கும். காலை எட்டு மணியில் இருந்து மாலைவரை என் கையில் போன் கிடையாது. அவர் கையிலும் கிடையாது. பட்டாசு குடோனில் லோடு ஏற்றிய காலத்துப் பழக்கம், போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார். எங்கேயாவது கவிழ்ந்து கிடந்தாலும் எனக்குச் சாயங்காலம்தான் தெரியும். அந்தப் பயத்தோடு திரி பின்னிப் பார், அப்போது தெரியும் உன் அம்மா பாடு.

இனி எழுதப் போவதுதான் கஷ்டம். சூட்டுக்குப் பயந்து பிடுங்கினேன் என்று சொன்னேனே, அது முதல் ஒரு மாதத்துக்குத்தான் உண்மை. ஒருநாள் டீக்கடை தாண்டி வரும்போது வண்டி மெதுவாகிவிட்டது, தட்டுத் தடுமாறி வீடு வந்தேன் என்றார். அன்றைக்கு எனக்கு ஒன்று பிடிபட்டது. கொஞ்சம் சார்ஜ் இருந்தால் கொஞ்ச தூரம்தான் போவார். டீக்கடை, சலூன், ரேஷன் கடை, அதோடு திரும்பிவிடுவார். மாட்டுக்குக் கயிற்றை அளந்து கட்டுவது போல நான் உன் அப்பாவுக்கு அளந்து கட்டினேன். அதற்குப் பிறகு சூடு ஒரு சாக்கு. பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டேன், சோறு வடித்து முடித்ததும் போய்ப் பிடுங்கிவிடுவேன். அவருடைய நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆவணியில் உன் சின்ன அத்தை மகளுக்குக் காதுகுத்து நடந்தது. உனக்கு லீவு கிடைக்கவில்லை. நடந்ததை நான் போனில் சொன்னபோது நீ கடைக்காரர்மேல் கோபப்பட்டாய். நான் பாதியைத்தான் சொன்னேன். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். உன் அப்பா விழுந்து மூன்று வருஷமாக அதற்காகவே உன் அத்தை அந்தக் காதுகுத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். காதுகுத்து நடந்த நாரணாபுரம் நம் ஊரில் இருந்து ஆறு கிலோமீட்டர். ஆட்டோ பேசுவோம், இரண்டு பேர் தூக்கி ஏற்றிவிடுவார்கள் என்றேன். கேட்கவில்லை. மாமன் வருகிறான் என்றால் தானாக வர வேண்டும், மூட்டையைப் போல இறக்கிவைக்கக் கூடாது என்றார். புது வேட்டி, வெள்ளைச் சட்டை. பச்சை வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். ஆறு கிலோமீட்டர் என்று தெரியும், முந்தின நாள் ஒரு மணி நேரம்தான் போட்டேன் என்றும் தெரியும். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது என்று எழுத ஆசைதான். பாதியில் மெதுவானால் திரும்பிவிடுவார், பிறகு ஆட்டோவில் வருவார் என்றுதான் நினைத்தேன். சீர்த்தட்டோடு நான் முன்னால் ஆட்டோவில் போய்விட்டேன்.

கோயிலில் நேரம் ஆக ஆக எல்லாரும் ரோட்டையே பார்த்தார்கள். எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும். ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை, மாமா எப்போது வருவார் என்று என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். நல்ல நேரம் முடிகிறது என்று யாரோ அவசரப்படுத்த, உன் அத்தை கொழுந்தன் மடியில் அவளை உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். பைக்கில் தேடிப் போனவர்கள் ஓடைப் பாலத்தில் அவரைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றரை மணி நேரம் அந்த வெயிலில், முன்னாலும் பின்னாலும் லோடு வண்டிகள் ஹாரன் அடிக்க, பாலத்து நடுவில் உட்கார்ந்திருந்தார். தள்ளிப் பார்த்திருக்கிறார்கள், சக்கரம் சுற்றவில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியை இழுத்தால் சுற்றும் என்பது தினமும் தள்ளுகிற எனக்குத்தான் தெரியும். நாலு பேர் வண்டியோடு சேர்த்துத் தூக்கி, அட்டைப்பெட்டி ஏற்றும் வேனில் வைத்துக் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கினார்கள். எதற்கு அவர் அவ்வளவு பயந்தாரோ அப்படியேதான் வந்து இறங்கினார். வேட்டி நனைந்திருந்தது, ராசா. நான் என் முந்தானையால் மறைத்தேன். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னார், "வண்டியத் திருப்பி அனுப்பச் சொல்லு. இனி நான் எங்கயும் போகல."

அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவர் அழுகிறார், எனக்கு நிம்மதி. இனி வேலை நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், கட்டிலில் இருக்கிறார். அந்த நிம்மதியோடு பத்து நாள் நன்றாகத் தூங்கினேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மதுரையில் இருந்து வந்து பார்த்த கடைக்காரர் நல்ல மனிதர். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார், குறை ஒன்றும் இல்லை, எட்டு மணி நேரம் எடுக்காமல் போடுங்கள் அம்மா என்று என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். நீ போனில் அவரை ஏமாற்றுக்காரர் என்று கத்தினாய், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. சரி சார், ஒரு மாதத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.

பத்து நாளைக்கு மேல் அந்த நிம்மதி நிற்கவில்லை. உன் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். வேனில் இருந்து இறங்கி வந்தால் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. சவரம் செய்துகொள்ளவில்லை. போன வாரம் ஒருநாள், மெயின் ரோட்டில் மழை பெய்ததா என்று என்னிடம் கேட்டார். அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ரோட்டைப் பற்றி, வெளிநாட்டில் இருப்பவர் விசாரிப்பது போலக் கேட்டார்.

இன்றைக்கு ஞாயிறு, வேலை இல்லை. காலை ஆறு மணிக்குச் சார்ஜரை மாட்டினேன். ஒரு வாளியில் மணல், ஒரு வாளியில் தண்ணீர், நனைத்த சாக்கு எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் செல்வி பார்த்துவிட்டு, என்ன மதினி, வீட்டிலேயே கம்பெனி நடத்துறீங்களா என்று சிரித்தாள். பெட்டி சுட்டது. ஒரு சூட்டுக்கு மேல் ஏறவில்லை. நாலு தடவை பிடுங்கக் கை போனது, இழுத்துக்கொண்டேன். இரண்டரை மணிக்குப் பச்சை எரிந்தது. எட்டு மாதத்தில் அந்தப் பச்சையை நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

அவரைக் கிளப்புவது அதைவிடப் பெரிய பாடாகிவிட்டது. வண்டி சரியாகிவிட்டது, போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். மாட்டேன் என்றார். பாலத்தை நினைத்துப் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். முறைத்தார். பலகையைப் போடு என்றார்.

மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது, இன்னும் காணோம். டீக்கடைக்கு இவ்வளவு நேரமா? தீபாவளி சீசன் நேரம், ஞாயிறு என்றும் பார்க்காமல் வண்டிகள் லோடு அடிக்கின்றன. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. செல்வி தன் வீட்டுக்காரரைப் பைக்கில் அனுப்பட்டுமா என்று கேட்டாள். வாய்வரை வந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு உட்கார முடியவில்லை. எழுதினால்தான் கால் வாசலை விட்டுப் போகாமல் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தீபாவளிக்கு உன்னை வீட்டுக்குள் வைத்து ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஊருக்கெல்லாம் பட்டாசு செய்கிற வீட்டில் உனக்கு ஒரு கம்பி மத்தாப்புக்கூடக் கிடையாது. நீ அழுவாய். ஒரு வருஷம் உன் அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, கறி வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லிவிட்டு, கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோய் வெடிக்கவிட்டார். வந்ததும் உன் சட்டையில் வெடிமருந்து வாசனையைப் பிடித்துவிட்டேன். இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தேன். போன வாரம் நீ போனில் சொன்னாய், மருமகள் ஸ்கூட்டர் ஓட்டப் பழகிவிட்டாள், ஆனால் பெரிய ரோட்டுக்கு விடுவதில்லை, சாவியை நான்தான் வைத்திருக்கிறேன் என்று. நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பயம் உனக்கு என்னிடம் இருந்து வந்தது. சாவியை அவளிடம் கொடுத்துவிடு. அவள் போய் வருகிறவரை வயிறு கலங்கத்தான் செய்யும். கலங்கட்டும், அது உன் வயிறு. அதற்காக அவளைக் கட்டிப்போடாதே.

மறுபடி எழுதுகிறேன். மணி ஏழு ஆகப் போகிறது. ஆறேகாலுக்கு உன் அப்பா வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டீக்கடையோடு நிற்காமல் பாலம்வரை போயிருக்கிறார். பாலத்தின்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, திரும்ப ஏறி வந்திருக்கிறார். வண்டியை வாசலில் நிறுத்தி, "கடைக்காரன் என்னமோ சரி பண்ணிட்டுத்தான் போயிருக்கான் பிள்ள. இத இனி குடுக்கக் கூடாது" என்றார். அங்கேயே நான் விட்டிருக்கலாம். கடைக்காரர் சரி செய்தார், கதை முடிந்தது என்று உனக்கும் எழுதிவிட்டு, இந்தத் தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு சொல்லிவிட்டேன், அவர் ஒன்றும் சரி செய்யவில்லை, நான்தான் தினமும் பாதியில் பிடுங்கினேன் என்று.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வண்டியின் கைப்பிடியில் இருந்து கையை எடுத்தார். "காதுகுத்து அன்னைக்கும் பச்சைன்னுதான சொன்ன?" என்றார். சொன்னேன், பார்க்காமல் சொன்னேன் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினார்.

நாளைக் காலையில் கடைக்காரருக்குப் போன் செய்து ஆள் அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேன். நீயும் தனியாகப் பேசி, திட்டியதற்கு மன்னிப்புக் கேள். தப்பு என் அம்மாவுடையது என்று தாராளமாகச் சொல்.

உனக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்தில் எனக்கும் அவருக்கும் சண்டை வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விடுவார். நீயும் நானும் சாப்பிடாமல் காத்திருப்போம். விழுந்ததற்குப் பிறகு சண்டை வந்தால் அவருக்குப் போக இடம் இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். நானே வந்து போர்வையைச் சரிசெய்தால்கூடத் தடுக்க முடியாமல் கிடப்பார். இன்றைக்கு அவர் சுவரைப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பினார். எங்கன போறீக என்று கேட்டேன், சரிவில் இறங்கிப் போய்விட்டார். தூறல் போட ஆரம்பித்திருக்கிறது, அவர் போன் கட்டில்மேல் கிடக்கிறது. மூன்று வருஷம் கழித்து உன் அப்பா என்னிடம் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போயிருக்கிறார், ராசா.

உன் அம்மா